பிஞ்சை வாங்கிப் பழமாக விற்கிற கணக்கு

அக்காவின் மகன் ஏ.எல். படிக்கிறான். ரியூசனால் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தியதும் போனைக் கையில் எடுத்துவிடுவான். சுடுகிற, வெட்டுகிற விளையாட்டு ஒன்றுமில்லை. ஓர் உதைபந்தாட்ட அணியை நடத்துகிற விளையாட்டு. பந்து உதைப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வீரர்களை வாங்குவது, பழக்குவது, விற்பது, கிழமைக்குக் கிழமை சம்பளம் கொடுப்பது எல்லாம் இவன் பாடு. அண்மையில் ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, ஒரு வருசமா மினக்கெட்டுப் பழக்கின பெடியன். எல்லாம் ஏறியிருக்கு. ஆனா போன வருசம் இவனிலும் பார்க்க மோசமானவனுக்குக் கிடைச்ச விலைகூட இவனுக்கு வரேல்லை. அப்ப நான் பழக்கினது வீணோ?"

வீணில்லை. ஆனால் ஏன் வீணில்லை என்று சொல்ல வெளிக்கிட்டால் பயிற்சி, ஏலம், பணவீக்கம் மூன்றையும் தொட வேண்டியிருக்கிறது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இந்த விளையாட்டுகளை ஒருநாளும் தொடாதவர்களும் வாசிக்கலாம். ஊர்ச் சந்தை தெரிந்தால் போதும்.

இந்த வகையில் மூத்தவற்றுள் ஒன்று சுவீடனில் 1997இல் தொடங்கிய ஹாட்ரிக். இன்றும் ஓடுகிறது. விளையாட்டுக்கு விளையாட்டு எண்ணிக்கைகள் மாறும் என்றாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அதன் விதிகளையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு பருவம் 16 கிழமை. அந்த 16 கிழமை ஓடினால் வீரனுக்கு ஒரு வயது கூடும். 17 வயதில் முதல் அணிக்கு வருகிற பெடியன், நமக்கு ஒரு வருடம் போவதற்குள் இருபதைத் தொட்டுவிடுவான்.

பயிற்சி என்பது கிழமைக்கு ஒன்று. கோல் காப்பு, தடுப்பு, நடுக்கள ஆட்டம், ஓர ஆட்டம், பந்துப் பரிமாற்றம், கோல் அடிப்பு என்று இருப்பவற்றில் ஒன்றைத் தெரிவு செய்து, "இந்தக் கிழமை இதுதான்" என்று முழு அணிக்கும் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னவுடன் எல்லோருக்கும் ஏறாது. கோல் அடிப்புப் பயிற்சி என்றால் அந்தக் கிழமைப் போட்டியில் முன்வரிசையில் நின்று ஆடியவனுக்குத்தான் முழுப் பலன். வாங்கில் இருந்தவனுக்கு ஒன்றுமில்லை. வயது குறைந்தவனுக்கு வேகமாக ஏறும். வயது போகப் போக மெதுவாகும். திறன் கீழ்ப்படியில் இருக்கும்போது சுறுக்காக ஏறும்; மேல்படிக்குப் போகப் போக ஒவ்வொரு படிக்கும் கூடுதல் கிழமைகள் பிடிக்கும். முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஏறியது மெல்ல இறங்கத் தொடங்கும். பயிற்றுநர் நல்லவரா, உதவிப் பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்பதும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அதை இங்கே விட்டுவிடுவோம்.

விடக்கூடாத ஒன்று, இடம். கிழமைக்கு இரண்டு போட்டி ஆடலாம்: ஒன்று லீக், மற்றது கிண்ணப் போட்டி அல்லது நட்புப் போட்டி. ஒரு போட்டியில் முன்வரிசையில் அதிகம் போனால் மூன்று பேரை நிறுத்தலாம். அப்படியென்றால் கிழமைக்கு ஆறு பேருக்குத்தான் கோல் அடிப்புப் பயிற்சி கொடுக்கலாம். நடுக்களத்துக்கும் அதே ஆறு. தடுப்புக்குப் பத்துப் பேர். கோல் காப்பாளர் என்றால் இரண்டே இரண்டு பேர்; அதனால்தானோ என்னவோ அந்தத் திறன் மற்றவற்றைவிட வேகமாக ஏறும்படி வைத்திருக்கிறார்கள். ஆக, உங்களிடம் உள்ள உண்மையான சொத்து இந்தப் பத்து இடமோ ஆறு இடமோதான். வலிகாமத்துத் தோட்டக்காரருக்குச் செம்மண் எப்படியோ, இந்த விளையாட்டில் இந்த இடங்கள் அப்படி. பாத்தி இவ்வளவுதான், அதில் எதை நடுகிறீர்கள், எப்போது பிடுங்குகிறீர்கள் என்பதுதான் விளையாட்டு. முப்பது இளம் வீரர்களை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் குவிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஆறு பாத்திக்கு முப்பது நாற்று! மிச்சம் இருபத்துநான்கும் சம்பளம் வாங்கிக்கொண்டு வாங்கிலிருந்து வாடும்.

சரி, விளைந்ததை விற்கப் போவோம். பெரும்பாலான விளையாட்டுகளில் விற்பனை ஏலம்தான். ஹாட்ரிக்கில் வீரனைச் சந்தையில் போட்டால் சரியாக மூன்று நாள் கழித்து ஏலம் முடியும். முடிகிற நிமிடங்களில் யாராவது புதிதாகக் கேட்டால் நேரம் இன்னும் கொஞ்சம் நீளும். பாசையூரில் விடியற்காலையில் மீன் ஏலம் கூறுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் விலை எப்படி அமைகிறது என்பதை விளங்கிக்கொள்ள மீனைவிடக் கோயில் மாம்பழம் நல்ல உதாரணம். திருவிழாவில் படைத்த மாம்பழத்தை ஏலம் கூறுவார்கள் அல்லவா? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அதே பழம் என்ன விலைக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஏலத்தில் ஆயிரக்கணக்கில், சிலவேளை இலட்சக்கணக்கில் போகும். ஏன்? வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற இரண்டு பேர் ஒரே பழத்துக்கு ஆசைப்பட்டுவிட்டார்கள். ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது வென்றவரின் பையை விட, அவருக்கு அடுத்ததாகத் தோற்றவரின் பைதான். அவர் எதுவரை விடாமல் கேட்டாரோ, அதற்கு ஒரு படி மேலே விலை நின்றுவிடும். ஆகவே ஒரு வீரனின் விலையை அறிய அவனுடைய காலை மட்டும் பார்த்தால் போதாது. சந்தையில் நிற்கிறவர்களின் மடியையும் பார்க்க வேண்டும்.

அந்த மடியில் இருக்கிற காசு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் புதிதாக வருபவர்கள் பிசகுகிறார்கள். "வீரனை விற்றேன், விளையாட்டில் காசு கூடிவிட்டது" என்று நினைப்பார்கள். கூடவில்லை. நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். வீரர் விற்பனைக் காசும் அப்படித்தான். என் கணக்கில் முங்கியது உன் கணக்கில் மிதக்கும். மொத்தத்தில் ஒரு சதமும் கூடவில்லை.

காசு உண்மையில் புதிதாக ஊறுவது வேறு இடங்களில். போட்டி பார்க்க வருகிற இரசிகர்கள் நுழைவுச் சீட்டுக்குக் கொடுப்பது, அனுசரணையாளர் கிழமைதோறும் தருவது, பரிசுத் தொகை, புதிதாகச் சேர்கிறவருக்கு விளையாட்டே கொடுக்கிற தொடக்க முதல். அந்த இரசிகரும் அனுசரணையாளரும் உலகத்தில் இல்லாதவர்கள். கணினி ஒரு வரியில் கூட்டி எழுதுகிற காசு அது. இவை ஊற்றுகள். அதேபோல் வடிகால்களும் உண்டு: வீரர் சம்பளம், பயிற்றுநர் செலவு, அரங்கைப் பெருப்பிக்கிற செலவு, ஒவ்வொரு விற்பனையிலும் முகவருக்கென்று கழிகிற பங்கு. இந்தக் காசு கீரிமலையிலும் மிதக்காது, வேறெங்கும் மிதக்காது, அழிந்தே போகிறது. விளையாட்டை விட்டுப் போகிறவர் கணக்கில் கிடந்த காசும் அவரோடு போய்விடும்.

ஊற்று வடிகாலைவிடக் கூடுதலாக ஊறினால், கிணறு நிரம்புகிற மாதிரி எல்லோர் கணக்கிலும் காசு ஏறும். ஆனால் நல்ல வீரர்கள் அதே வேகத்தில் கூடமாட்டார்கள், ஏனென்றால் பாத்தி அளவானது. விளைவு, விலை ஏறும். பணவீக்கம் அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்தப் பெரிய பாடம் தேவையில்லை. நல்லூர்ப் பக்கம் ஒரு பரப்புக் காணி விசாரித்துப் பாருங்கள். மண் கூடவில்லை, கிணற்றுத் தண்ணீரும் இனிப்பாகிவிடவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் உழைத்த காசு ஒரே பரப்பைத் தேடி வருகிறது. காணி வைத்திருந்தவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வார். விற்றுவிட்டு அடுத்த ஒழுங்கையில் இன்னொரு காணி வாங்கப் போகும்போதுதான் அவருக்குக் கெட்டித்தனம் எவ்வளவு, காசின் ஏற்றம் எவ்வளவு என்று தெரியும். இந்த வரியை மனதில் வைத்திருங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

மெய்யான உதைபந்தாட்டத்திலும் ஒரு அழகான உதாரணம் உண்டு. 2017 ஓகஸ்டில் பாரிஸ் அணி நெய்மாரை எடுக்க பார்சலோனாவுக்கு 22 கோடியே 20 இலட்சம் யூரோ கொடுத்தது. அந்தக் காசு பார்சலோனாவின் பெட்டியில் இருக்கிறது என்பது ஐரோப்பா முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அதே மாதத்தில் டோர்ட்மண்டிடமிருந்து டெம்பேலேயை 10 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 2018 ஜனவரியில் லிவர்பூலின் குட்டீன்யோவுக்கு அதைவிடவும் கூட. அந்த மாதத்திலேயே லிவர்பூல், வான் டைக் என்ற ஒரு தடுப்பாட்டக்காரருக்கு 7 கோடியே 50 இலட்சம் பவுண் கொடுத்தது. ஒரு கணக்கில் வெளியிலிருந்து கொட்டிய காசு, கிணறு கிணறாக மிதந்து போய், எல்லா வீரர்களின் விலையையும் தூக்கிவிட்டது.

ஐபிஎல் ஏலத்தில் இப்படி நடப்பது குறைவு. அங்கே ஒவ்வொரு அணியும் எவ்வளவு செலவழிக்கலாம் என்று மேலிருந்தே தொகை கட்டியிருக்கிறார்கள்; அந்தத் தொகையைக் கூட்டினால்தான் மொத்த விலையும் கூடும். 2024இல் காயப்பட்ட வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக நம்மூர் விஜயகாந்த் வியாஸ்காந்தை ஹைதராபாத் அணி 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தபோது, வடமராட்சியிலும் வலிகாமத்திலும் அன்று கிரிக்கெட் தெரியாதவர்களும் கிரிக்கெட் கதைத்தார்கள். அது வேறு கதை.

இனி மருமகனின் கேள்விக்கு வருகிறேன். காசு கூடினால் விலை ஏற வேண்டுமே, இவன் வீரனுக்கு ஏன் இறங்கியது?

காசுக்கு ஊற்றும் வடிகாலும் இருப்பதுபோல் திறனுக்கும் உண்டு. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு அணியும் யாரையோ பழக்கிக்கொண்டே இருக்கிறது. அது ஊற்று. வயது போய்த் திறன் இறங்குவதும், வீரனை அணியிலிருந்து நீக்கிவிடுவதும் வடிகால். வடிவதைவிட ஊறுவது கூடினால் சந்தையில் நல்லவர்கள் பெருகிவிடுவார்கள். நேற்று "கெட்டிக்காரன்" என்று பார்க்கப்பட்ட படி இன்று சாதாரணப் படி. இதை அவனுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு நொடிதான் பிடித்தது. "மூன்று ஏ எடுத்தா மெடிசின் கிடைக்குமோ?" என்று கேட்டேன். ஏ.எல். பிள்ளைக்கு, பல்கலைக்கழகத்துக்கு ஆளெடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா? புள்ளி எவ்வளவு என்பதைவிட, மற்றவர்களோடு பார்க்க எங்கே நிற்கிறாய் என்பதுதான் அங்கே கணக்கு. அவனுடைய வீரன் புள்ளி கூட எடுத்திருக்கிறான். ஆனால் வகுப்பே கூட எடுத்திருக்கிறது.

அதுவும் கோல் அடிக்கிறவர்கள். போன வருடம் முன்வரிசை வீரர்களுக்கு விலை உச்சத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் இவன் அந்தப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறான். இவன் மட்டுமா பார்த்தான்? சின்ன வெங்காயம் போட்ட எந்தத் தோட்டக்காரரையும் கேளுங்கள். ஒரு போகம் விலை ஏறினால் அடுத்த போகம் புன்னாலைக்கட்டுவனிலிருந்து புத்தூர் வரை எங்கே பார்த்தாலும் வெங்காயம். எல்லாம் ஒன்றாக முற்றி ஒன்றாகச் சந்தைக்கு வரும். அன்று மூட்டைக்கு ஏற்றுக்கூலிகூடத் தேறாது. வெங்காயமாவது இரண்டு, மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும், அடுத்த முறை மாற்றிப் போடலாம். வீரன் முற்றப் பல பருவம் பிடிக்கும். எல்லோரும் ஒரே பயிரை நட்டுவிட்டார்கள் என்று தெரியவரும்போது உங்கள் பாத்தியிலும் அதே பயிர் இடுப்பளவு வளர்ந்து நிற்கும்.

எங்கள் அப்பா காலத்துக் கதை இன்னொன்று உண்டு. 1970 தொட்டு 1977 வரை இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயமும் மிளகாயும் இந்த மண்ணில் கல்வீடு கட்டின. 1977க்குப் பிறகு கதவைத் திறந்தார்கள், விலை விழுந்தது. தோட்டக்காரர் செய்த பிழை ஒன்றுமில்லை. விளையாட்டுகளிலும் நடத்துகிறவர்கள் விதியை மாற்றுவார்கள். இளையோர் அணியிலிருந்து நல்லவர்கள் வரும் வாய்ப்பைக் கூட்டினால், அல்லது ஊற்றைக் கொஞ்சம் அடைத்தால், ஒரே பருவத்தில் சந்தை தலைகீழாகும். இதைச் சும்மா சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது என்பதால்தான் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டை நடத்தும் நிறுவனம் 2007இலேயே எய்யொல்ஃபுர் குவுத்முண்ட்சன் என்ற பொருளியலாளரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

சரி, இலாபமா நட்டமா என்று எப்படிப் பார்ப்பது? காசில் பார்க்கக் கூடாது. காசு நீளுகிற, சுருங்குகிற அளவுகோல். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி நம் நாட்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த நேரத்தில் சம்பளம் கால்பங்கு கூடினவரும் வறியவராகத்தான் ஆனார். 2024 செப்டெம்பரில் அதே கணக்கு சைபருக்குக் கீழே இறங்கி, கழித்தல் 0.5 ஆனது. அளவுகோலே இப்படி ஆடினால் அதை வைத்துத் துணி வெட்டலாமா?

நான் சொல்கிற அளவுகோல் இது: ஒரு பழத்தை விற்றால் எத்தனை பிஞ்சு வாங்கலாம்? பழம் என்றால் பழக்கி முடித்த வீரன், பிஞ்சு என்றால் இன்னும் பழக்காத பெடியன்.

கணக்குக்காகச் சில எண்களை எடுப்போம். பழக்காத 17 வயதுப் பெடியன் 5 இலட்சம். அவனைப் பழக்கினால் வருகிற தரத்தில் இப்போதே ஒருவன் சந்தையில் 12 இலட்சத்துக்கு இருக்கிறான். பன்னிரண்டை ஐந்தால் பிரித்தால் 2.4. ஒரு பழத்துக்கு இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவான பிஞ்சு.

முதலில் காசு பெருகுகிற காலம். நீங்கள் பழக்கி முடிக்கும்போது அவன் 20 இலட்சத்துக்குப் போகிறான். ஐந்துக்கு வாங்கி இருபதுக்கு விற்றால் பதினைந்து இலாபம் என்று துள்ளலாம். பொறுங்கள். அடுத்த பிஞ்சை வாங்கப் போனால் அது இப்போது 9 இலட்சம். இருபதை ஒன்பதால் பிரித்தால் 2.2. கையில் கட்டுக்காசு, ஆனால் வாங்கக்கூடிய பிஞ்சு குறைந்துவிட்டது. அந்தப் பதினைந்தில் எட்டு, நீங்கள் நித்திரை கொண்டிருந்தாலும் வந்திருக்கும்: 12 இலட்சத்துக்கு விற்ற தரம் தானாக 20 ஆகியிருக்கிறது. உங்கள் வியர்வை மிச்சம் ஏழுதான். நல்லூர்க் காணிக்காரர் அடுத்த ஒழுங்கையில் கண்டது இதைத்தான்.

இப்போது மருமகனின் காலம். அதே தரம் 12இலிருந்து 8க்கு இறங்கிவிட்டது. ஐந்துக்கு வாங்கி எட்டுக்கு விற்றால் மூன்று. ஒரு வருட மினக்கேட்டுக்கு இதுவா என்று தோன்றும். ஆனால் பிஞ்சும் இறங்கி 3 இலட்சத்து 20 ஆயிரம் என்றால், எட்டை அதால் பிரிக்க 2.5. தொடங்கினபோது இருந்ததைவிட ஒரு சொட்டுக் கூட! முகத்தைத் தொங்கப்போட ஒரு காரணமும் இல்லை.

இந்த விகிதம் ஒன்றரைக்குக் கீழே போனால்தான் உண்மையான கவலை. வைத்திருந்த காலத்துச் சம்பளம், முகவர் கழிவு எல்லாம் போகப் பழக்கியதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரத்தில் அந்தப் பயிரை விட்டு வேறு பயிருக்கு மாறுவது நல்லது; என் அனுபவத்தில் எல்லோரும் கோல் அடிக்கப் பழக்குகிற பருவத்தில் சத்தமில்லாமல் தடுப்பாட்டக்காரரைப் பழக்குகிறவன் தப்பிப் பிழைக்கிறான். காசு பெருகுகிற காலத்தில் காசைக் கணக்கில் பூட்டி வைப்பதும் மடைத்தனம், அது கிடந்தபடியே கரையும். விலை இறங்குகிற காலத்தில் எதிர்மாறு: விற்றுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருப்பவனுக்கு அடுத்த பிஞ்சு மலிவாகக் கிடைக்கும். எது எந்தக் காலம் என்று அறிய, ஒரே தரமான வீரன் என்ன விலைக்குப் போகிறான் என்று கிழமைக்கொருமுறை கொப்பியில் குறித்து வந்தாலே போதும். மருமகன் கெமிஸ்ரிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறிக்கிறான். அக்கா இன்னும் காணவில்லை.

கடைசியாக, யாழ்ப்பாணத்தில் இருந்து விளையாடுகிறவருக்கு மட்டும் கிடைக்கிற ஒரு சலுகை. இந்த விளையாட்டுகளில் ஐரோப்பியர் நிறையப் பேர். சுவீடன் நேரம் நமக்கு நாலரை மணித்தியாலம் பிந்தியது. அவர்களின் கோடையில் மூன்றரை. அவர்கள் வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குக் கணினியைத் திறக்கும்போது நமக்கு நடுச்சாமம். ஏலம் கேட்க ஆட்கள் நிறைந்திருக்கும் நேரம் அது, விற்பவருக்கு நல்லது. மூன்று நாள் கழித்துச் சரியாக அதே நேரத்தில் ஏலம் முடியும் என்பதால், விற்கிற வீரனை நடுச்சாமத்தில் சந்தையில் போட வேண்டும். வாங்குவதற்கு எதிர்மாறு. நமக்கு விடிய ஆறு மணி என்றால் அங்கே எல்லோரும் ஆழ்ந்த நித்திரை. அந்த நேரம் முடிகிற ஏலத்தில் இரண்டாவதாக நின்று கேட்க ஆளிருக்காது. தோற்கிறவரின் பைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றேனே, தோற்க ஒருவரும் இல்லையென்றால் விலை ஏறுவதெப்படி?

இதைச் சொன்னதிலிருந்து மருமகன் அஞ்சரைக்கு அலாரம் வைத்து எழும்புகிறான். பிள்ளை சோதனைக்குப் படிக்கிறான் என்று அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் மேசையில் வைக்கிறா.